கழுவாத மண்

நாள் 311. காலை 6:40. கரிக்கொட்டகை.

கமுதி பஸ் நிலையத்திலிருந்து கடைசி டீசல் பஸ் கழுத்தில் மாலையோடு கிளம்பிப் போன வருடம். அதே வருடம் புரட்டாசியில் குண்டாற்றுப் பாலத்துக்கு மேல் தண்ணீர் போனது. ஐப்பசியில் என் பெண்டாட்டி பேச்சியம்மாள் இறந்தாள். மார்கழி பிறந்து நான்காம் நாள் குலசேகரன்பட்டினத்தில் எங்கள் நான்கு பேரையும் ராக்கெட்டில் ஏற்றினார்கள். அந்த வருடத்துக்கு நம்பர் உண்டு, எனக்குத் தெரியாது. இதைக் கண்டெடுக்கிறவர்கள் மேலே சொன்னதை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். ஏழு மாதப் பயணம். செவ்வாயில் இறங்கி இன்றோடு முன்னூற்றுப் பதினோரு நாள்.

என் பெயர் வில்லாயுதம். வயது எழுபத்தொன்று. எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்வதை இந்தக் குரல்பெட்டி கேட்டு, நாளும் நேரமும் போட்டு, புத்தகத் தமிழாக எழுதிக்கொள்கிறது. ரேடியோப் பேச்சை மட்டும் வந்தது வந்தபடி எழுதும். தினம் ஒரு தடவையாவது பேச வேண்டும் என்பது நிலையத்தின் சட்டம்.

இன்றைய வேலை. ஆமணக்குத் தண்டு முப்பது கிலோ டிரம்மில் அடுக்கினேன். பெரிய கண்ணாடியைத் திருப்பி டிரம்மின் அடிவயிற்றில் வெயிலைக் குவித்தேன். மேலே ஒரு முழம் கனத்துக்கு மண் மூடினேன்.

இந்த ஊர்க் காற்றில் எதுவும் தீப்பிடிக்காது, மண் மூடவே வேண்டாம் என்று டாக்டர் ஆக்னஸ் முதல் நாளே சொன்னார். அவர்தான் எங்கள் ரசாயன டாக்டர். அவர் சொன்னது சரிதான். ஆனால் மூடாத கரிமூட்டத்தை விட்டுவிட்டுக் கரிக்காரன் நாலடி நகர மாட்டான். பத்து வயதில் பழகின கை. நானும் பிடிவாதம் பிடித்தேன், என் மச்சினன் சன்னாசியும் பிடிவாதம் பிடித்தான். கடைசியில் டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். இங்கே மண்ணில் கெட்ட உப்பு இருக்கிறது, ஏழு தண்ணீர் விட்டு அலசிய மண்ணைத்தான் போட வேண்டும். ஏழு அலசலுக்கு ஒரு நாள் முழுக்கப் போகிறது. இடுப்பும் போகிறது. அலசுகிறேன்.

இந்தக் கரி எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே சாயப் பலகை என்று ஒன்று செய்கிறோம். கண்ணாடியில் வெள்ளைப் பசை பூசி, அதில் பீட்ரூட் சாயம் ஏற்றி, நடுவில் அயோடின் தண்ணீர் விட்டு, பின்னால் இன்னொரு கண்ணாடி வைத்து மூடுவது. அதில் வெளிச்சம் பட்டால் மின்சாரம் வரும். மங்கிய வெளிச்சத்திலும் வரும், அதுதான் அதன் பெருமை. பின்கண்ணாடியில் பிளாட்டினம் பூச வேண்டுமாம். அவ்வளவு பிளாட்டினத்துக்கு எங்கே போவது? அதற்குப் பதில் நல்ல கரியை மாவாக அரைத்துப் பூசலாம் என்று டாக்டர் கண்டுபிடித்தார். நல்ல கரி வேண்டுமென்று எங்கள் இருவரையும் தேடி வந்தார். பிள்ளைகுட்டி இல்லாத கிழவர்கள், திரும்பாவிட்டாலும் கேட்க ஆள் இல்லை. சரி என்றோம்.

கொட்டகை நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, புகைக்காக. நான் இங்கே தனியாக. மற்ற மூவரும் அங்கே. சன்னாசியும் முதலில் இங்கேதான் இருந்தான். அவனுக்கு எழுதத் தெரியும், மீட்டர் பார்த்து நோட்டில் குறிக்க ஆள் வேண்டும் என்று டாக்டர் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஐந்தாம் வகுப்பு. அவ்வளவுதான் அவன் படிப்பு.

நாள் 318. காலை 9:15. ரேடியோ.

டாக்டர் ஆக்னஸ்: பெரியவரே, கேக்குதா? ஒரு நல்ல சேதி. பிளாட்டினம் பூசுன பலகை மீட்டர்ல ஏழு காட்டுது. உங்க கரி நாலரை. சன்னாசி இங்க சின்ன டிரம்முல ஒரு மூட்டம் போட்டாரு பாருங்க, அது ஆறே கால்!

சன்னாசி: மச்சான், ஆறே கால் மச்சான்!

டாக்டர் ஆக்னஸ்: ஒரே ஆமணக்குத் தண்டு, ஒரே சூடு. எப்படின்னே புரியல. ரெண்டு வாரம் விடாம ஓட்டிப் பாத்தாச்சு. இனிமே நோட்டுல இதுக்கு சன்னாசி கரின்னே பேரு.

சன்னாசி: கைராசி டாக்டரம்மா. வேற என்ன?

ரஹ்மத்துல்லா: என்ன பெரியவரே, சத்தமே காணோம்? தீயிற வாடை இங்க வரைக்கும் வருதே. மூட்டத்துலருந்து வருதா, உங்க வயித்துலருந்து வருதா?

ரஹ்மத்துல்லா எங்கள் தலைவர். கீழக்கரைக்காரர். எந்திரங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. யாரையும் கேலி செய்யாமல் அவருக்குச் சோறு இறங்காது. மூட்டத்திலிருந்துதான் வருகிறது என்று சொன்னேன். மூவரும் சிரித்தார்கள். சன்னாசியின் சிரிப்பு மட்டும் கொஞ்சம் கூடுதலாக நீண்டது.

நாள் 320. பகல் 11:00.

சாப்பாட்டுப் பெட்டியோடு ஆளில்லாத வண்டி வந்தது. பெட்டிக்குள் துணியில் சுற்றி ஒரு கரிக்கட்டி. தன் கரியில் ஒரு கட்டி வைத்திருப்பதாகவும் தட்டிப் பார்க்கும்படியும் சன்னாசி காலையிலேயே ரேடியோவில் சொல்லியிருந்தான்.

தட்டினேன். வெண்கலம் மாதிரி சத்தம். உடைத்தேன். உள்ளே கண்ணாடிப் பளபளப்பு. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் பொறுக்கவில்லை.

பிறகு நாக்கில் வைத்தேன். எங்கள் தொழிலில் கடைசிச் சோதனை அதுதான். நல்ல கரி நாக்கில் ஒட்டும், ருசி இருக்காது. இது ஒட்டியது. ஒட்டிய இடத்தில் உப்புக் கரித்தது.

அவன் மண்ணை அலசவில்லை. வெளியிலிருந்து வாரி அப்படியே மூடியிருக்கிறான். சோம்பேறி, அன்றும் இன்றும். சூட்டில் அந்தக் கெட்ட உப்பு கரிக்குள் இறங்கி, கண்ணுக்குத் தெரியாத ஓட்டையாகப் போட்டிருக்கிறது. ஓட்டை கூடினால் மின்சாரம் கூடும் என்று டாக்டர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆறே கால் வந்த ரகசியம் அவ்வளவுதான்.

எனக்கு இன்னொன்றும் தெரியும். உப்பளத்து ஓரத்தில் வெட்டிய சீமைக் கருவேலத்தில் கரி போட்டால், முதலில் ஜோராக எரியும். ஆறு மாதத்தில் இரும்பு அடுப்பை அரித்துத் தின்றுவிடும். மூக்கையூர் பக்கம் மூன்று ஓட்டல் அடுப்பில் பார்த்தவன் நான். இதுவும் தின்னும். எப்போது என்று சொல்ல முடியாது, தின்பது மட்டும் நிச்சயம்.

ரேடியோவை எடுத்தேன். வைத்தேன்.

சொன்னால் என்ன ஆகும்? பொறாமையில் சொல்கிறான் கிழவன் என்பார்கள். ‘ஏழு முறை கழுவியது’ என்று சன்னாசி நோட்டில் எழுதியிருப்பான். எழுதியது உண்மையாகிவிடும், என் நாக்கு பொய்யாகிவிடும். பலகை கெடட்டும். அன்று டாக்டர் என்னைக் கூப்பிடுவார். பெரியவரே, உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பார். பக்கத்தில் சன்னாசி தலைகுனிந்து நிற்பான். மண் அலசிக்கொண்டே மத்தியானம் வரை அந்த நாளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். இனித்தது. மறைக்காமல் சொல்கிறேன், இனித்தது.

நாள் 352. மாலை 4:30.

நிலையத்தில் ஆமணக்கும் பீட்ரூட்டும் வளர்க்கிற கண்ணாடிக்கூடத்தின் உள்கூரை முழுக்கச் சாயப் பலகை மாட்டி முடித்துவிட்டார்கள். நாற்பது பலகை. நாற்பதும் சன்னாசி கரி. வெளியே வைத்தால் அயோடின் தண்ணீர் உறைந்துவிடும், அதனால்தான் கண்ணாடிக்கு உள்பக்கம். புழுதிப் புயல் வந்தால் வெளியே நிற்கிற பெரிய சூரியத் தகடுகள் குருடாகிவிடும். அப்போது காற்று எந்திரமும் சூடும் இந்த நாற்பதை நம்பித்தான்.

என் கரியில் செய்த பதினாறு பலகைகளைக் கழற்றி வண்டியில் எனக்கே அனுப்பிவிட்டார்கள். கொட்டகைக்கு வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஒருவருக்கு அது போதும் என்றார் டாக்டர். அன்பாகத்தான் சொன்னார். ஒதுக்கின கத்திரிக்காயை மாட்டுக்குப் போடும்போதும் அன்பாகத்தான் போடுகிறோம்.

பூமியிலிருந்து வந்த செய்தியை ரஹ்மத்துல்லா வாசித்தார்.

ரஹ்மத்துல்லா: “சன்னாசி கரி பற்றிய கட்டுரை அச்சில் வந்தது. கமுதியில் அவர் படித்த பள்ளியில் அவர் படம் மாட்டப்பட்டது.” கேட்டீங்களா பெரியவரே? உங்க மச்சினன் படத்துக்கு மாலை போட்டாச்சாம்.

சன்னாசி: அடேய் தலைவரே, உசுரோட இருக்கவனுக்கு மாலையா!

எனக்குப் படம் மாட்டப் பள்ளிக்கூடம் கிடையாது. பத்து வயதில் நான் மூட்டத்தில் நின்றேன். என் கூலியில்தான் அவன் அக்காள், என் பேச்சி, அவனை வளர்த்தாள். அவள் சாகக் கிடந்தபோது நான்கு நாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவன் நான். கடைசியாகக் கண்ணைத் திறந்து, “தம்பி வந்துட்டானா?” என்று கேட்டாள். என் பெயரைச் சொல்லவில்லை. இதையெல்லாம் இந்தப் பெட்டியில் சொல்லக்கூடாதுதான். சொல்லியாகிவிட்டது.

நாள் 388. காலை 7:20.

புயல். கிழக்கே சுவர் மாதிரி எழும்பியது, ஒரு மணி நேரத்தில் வானம் செங்கல் சூளைக்குள் இருப்பதுபோல் ஆகிவிட்டது. கண்ணாடியில் குவிக்க வெயில் இல்லை. மூட்டம் நிறுத்தம். என் பதினாறு பலகையும் ஓடுகின்றன, என் ஒரு ஆள் மூச்சுக்கும் சூட்டுக்கும் இழுத்துப்பிடித்துச் சரியாக இருக்கிறது.

நிலையத்தில் நாற்பதும் நன்றாக ஓடுகின்றனவாம். சன்னாசி ரேடியோவில் பாட்டுப் பாடுகிறான். தாளம் தப்புகிறது.

நாள் 401. காலை 8:05. ரேடியோ.

டாக்டர் ஆக்னஸ்: பெரியவரே, உங்க பலகை எல்லாம் எப்படி இருக்கு? கலர் ஏதும் மாறுச்சா?

நான்: இல்லம்மா. அப்படியேதான் இருக்கு.

டாக்டர் ஆக்னஸ்: இங்க நாலு பலகையில அயோடின் தண்ணி வெளுத்துப்போச்சு. தேன் கலர்ல இருந்தது பச்சைத்தண்ணி மாதிரி ஆயிருச்சு. கரண்டே இல்ல.

சன்னாசி: சாயம்தான் டாக்டரம்மா. இந்தத் தடவை பீட்ரூட்டு முத்தல்.

டாக்டர் ஆக்னஸ்: அதே பீட்ரூட்டுதானே அவருக்கும்? பெரியவரே, உங்களுக்கு ஏதாவது தோணுதா?

நான்: எனக்கென்னம்மா தெரியும். படிச்சவுங்க பாருங்க.

அந்த நாள் வந்துவிட்டது. நான் ஓட்டிப் பார்த்தது போலவே வந்தது. ஆனால் நான்கு பலகைதானே? பத்துப் பலகையாவது போகட்டும், அப்போது சொன்னால் எடுபடும் என்று நினைத்தேன்.

நாள் 404. பகல் 12:40. ரேடியோ.

பதினெட்டு போய்விட்டன. டாக்டரும் தலைவரும் பெரிய மின்கலங்களைப் பார்க்கக் கீழறைக்குப் போன நேரம். ரேடியோவில் சன்னாசி மட்டும்.

நான்: மாப்ள, ஒன்னு கேக்கறேன். மண்ணைக் கழுவித்தான் போட்டியா?

சன்னாசி: கழுவாம?

நான்: ஏழு தண்ணி?

சன்னாசி: நோட்டுல எழுதியிருக்கு மச்சான்.

நான்: நோட்டைக் கேக்கல. உன்னையக் கேக்கறேன்.

சன்னாசி: இப்ப என்ன வேணும் உங்களுக்கு? என் பேரு வந்ததுலருந்து உங்களுக்குத் தூக்கம் இல்ல. அக்கா இருந்தப்பவும் இப்படித்தான். எனக்கு ஒரு கரண்டி குழம்பு கூட ஊத்துனா உங்க மூஞ்சி அடுப்புக்கரி.

நான்: ஊத்துன குழம்பு என் உழைப்புடா.

சன்னாசி: அப்ப அதையே குடிச்சிக்கிட்டு அங்கேயே கெடங்க.

நாக்கில் வைத்துப் பார்த்தேன் என்று அப்போதும் சொல்லவில்லை. அவன் வாயிலிருந்து வர வேண்டும் என்று பிடிவாதம். ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது, இருவரும் அணைக்கவில்லை.

நாள் 407. காலை 10:10.

ரஹ்மத்துல்லா இறந்துவிட்டார்.

நாற்பதில் முப்பத்தொன்று போன பிறகு, வெளியே பெரிய தகடுகளின் புழுதியைத் துடைத்தால் கொஞ்சம் மின்சாரம் வரும் என்று காலையில் போனார். உடுப்பின் சூட்டுக்கலத்தை முழுதும் நிரப்ப மின்சாரம் இல்லை. பாதி நிரப்பிக்கொண்டு போனார். எட்டாவது தகடு வரை துடைத்திருக்கிறார். கடைசியாக ரேடியோவில் வந்தது:

ரஹ்மத்துல்லா: ஆக்னஸ், கை சொன்னபடி கேக்க மாட்டேங்குது. கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன். பெரியவரே, உங்க பதினாறும் ஓடுதா? ஓடட்டும், ஓடட்டும். ஒதுக்கின மாப்பிள்ளைதான் கடைசியில குடும்பத்தைக் காப்பாத்துவான் போல.

சிரித்தார். அதன் பிறகு சத்தம் இல்லை.

நாள் 407. காலை 10:45. ரேடியோ.

நான்: டாக்டரம்மா. சன்னாசி கரியில உப்பு இருக்கு. அவன் மண்ணு கழுவல. நான் நாக்குல வச்சுப் பாத்தேன்.

டாக்டர் ஆக்னஸ்: எப்ப?

நான்: எண்பத்தேழு நாளாச்சு.

(நோட்டைப் புரட்டும் சத்தம்.)

டாக்டர் ஆக்னஸ்: புயலுக்கு முன்னாடி அறுபத்தெட்டு நாள் வெயில் இருந்துச்சு பெரியவரே. நாப்பதையும் பிரிச்சு உங்க கரியைப் பூசியிருப்பேன். ஒரு வாரம் வேலை.

நான்: ஆமாம்மா.

டாக்டர் ஆக்னஸ்: ஏன் சொல்லல?

சொல்வதற்கு இருந்தது ஒரே வார்த்தை. அது வாய்க்கு வரவில்லை.

டாக்டர் ஆக்னஸ்: சன்னாசி, நிஜமா?

சன்னாசி: இடுப்பு முடியல டாக்டரம்மா. ஒரு தடவை சும்மா போட்டேன். ஆறே கால் வந்துச்சு. பேரு வேற வச்சிட்டீங்க. அதுக்கப்புறம் எந்த வாயை வச்சுச் சொல்றது?

டாக்டர் ஆக்னஸ்: ரெண்டு பேரும் வாயை மூடுங்க. பெரியவரே, கழுவின மண்ணுல போட்ட கரி மாவு எவ்வளவு இருக்கு?

நான்: ரெண்டு டிரம்மு நிறைய இருக்கும்மா.

டாக்டர் ஆக்னஸ்: நாளைக்குக் காலையில வண்டி எடுத்துக்கிட்டு வர்றேன். பதினஞ்சு பலகையில மாத்திப் பூசினாலும் தப்பிச்சிரலாம்.

நாள் 408. காலை 9:30.

டாக்டர் வரவில்லை. வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. மின்கலம் இறங்கிவிட்டதாம். இறங்கி நடந்து வருகிறேன் என்றார். கொட்டகை வாசல் கம்பத்தில் கயிறு கட்டி, மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு, விளக்கோடு எதிரே போனேன். கை நீட்டினால் கை தெரியவில்லை.

டாக்டர் ஆக்னஸ்: பெரியவரே, விளக்கை ஆட்டுங்க.

நான்: ஆட்டுறேன்மா. சத்தம் வர்ற பக்கம் வாங்க. பேசிக்கிட்டே வாங்க.

டாக்டர் ஆக்னஸ்: ஒன்னும் தெரியல. இந்தப் பக்கமா... கல்லு. விழுந்துட்டேன். முகக்கண்ணாடியில கீறல்.

நான்: எந்திரிக்காதீங்க. நான் வர்றேன். அங்கேயே இருங்க.

கயிறு முடிந்துவிட்டது. அவிழ்த்துவிட்டுப் போனேன். இருநூற்றுப் பத்து அடி எண்ணினேன். முழங்காலில் தட்டுப்பட்டார், உயிர் இல்லை.

கொட்டகைக்குள் கொண்டுவந்து கிடத்தியிருக்கிறேன். முகத்தில் புழுதியைத் துடைத்துவிட்டேன். பையில் ஒரு தூரிகை இருக்கிறது, கரிப்பசை பூசுகிற தூரிகை. அந்தப் பசையின் கலவை இவருக்கு மட்டுமே தெரியும். இப்போது இரண்டு டிரம் நல்ல கரியும் வெறும் கரி.

நாள் 409. காலை 7:00. ரேடியோ.

சன்னாசி: மச்சான், நாப்பதும் போயிருச்சு. சின்ன அறையில கதவை அடைச்சு உக்காந்திருக்கேன். மின்கலத்துல இன்னைக்குச் சாயந்திரம் வரைக்கும் இருக்கும்.

நான்: பூமியிலருந்து கப்பல் எப்ப வருது?

சன்னாசி: முப்பத்தெட்டு நாள்னு போட்டிருக்கு. சோறு கெடக்கு மச்சான், மூணு பேருக்கு ஒரு வருசத்துக்குக் கெடக்கு. மூச்சுதான் இல்ல.

எனக்கு நேர் தலைகீழ். இங்கே மூச்சு உண்டு, சோறு ஐந்து நாளுக்கு. சோறும் மூச்சும் ஒரே இடத்தில் சேர்ந்தால் ஒரு ஆள் முப்பத்தெட்டு நாள் ஓட்டலாம். ஒரு ஆள்தான். என் ஒருவன் மூச்சுக்கே இந்தப் பதினாறு பலகை எப்படித் திணறுகிறது என்று இருபத்தொரு நாளாகப் பார்க்கிறேன். பலகையை நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடலாம். போய்ச் சேர்ந்ததும் உள்ளே உட்காருவது நானா, அவனா? கேள்வி அவ்வளவுதான்.

இரண்டு மணி நேரம் யோசித்தேன். நான் உட்காருவதென்றால், உள்ளே வா என்று அவன்தான் கதவைத் திறக்க வேண்டும், நான் உள்ளே போய் அவனை வெளியே தள்ள வேண்டும். எழுபத்தொரு வயதில் அறுபத்தாறு வயதுக்காரனைத் தள்ள முடியும். கரிமூட்டை தூக்கிய தோள். அவன் தோள் நோட்டுத் தூக்கிய தோள்.

ஆனால் உள்ளே உட்காருவது அவன்தான் என்று முடிவு செய்தேன். நல்லவனாக வேண்டும் என்று இதைச் செய்யவில்லை. இரண்டு பேரின் சாவு என் நாக்கில் இருக்கிறது, அது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவன் முப்பத்தெட்டு நாள் மூச்சு விட வேண்டும். இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் என் கரியில் ஓட வேண்டும். நாலரை. ஆறே கால் இல்லை, நாலரை. அதை அவன் ஒவ்வொரு நாளும் மீட்டரில் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும்.

நாள் 409. காலை 9:50. வழியில்.

தண்டு இழுக்கிற சறுக்கில் பதினாறையும் அடுக்கி, நடுநடுவே கந்தல் கொடுத்துக் கட்டினேன். உறையாமல் இருக்க இரண்டு டிரம் கரியையும் மூட்டையாக்கிச் சூடேற்றிச் சுற்றிலும் வைத்திருக்கிறேன். காற்றுப்புட்டி நான்கு மணி நேரத்துக்கு. இன்று புழுதி சற்று இறங்கி, பாதைக் கம்பங்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன, பார்த்துக்கொண்டே போகலாம்.

நாள் 409. பகல் 11:25. வழியில்.

வண்டியைத் தாண்டினேன். டாக்டரின் காலடி புழுதியில் இல்லை. காற்று அழித்துவிட்டது. இடது கையில் மூன்று விரல் மரத்துவிட்டன. பலகை ஒன்று கூட உடையவில்லை. உடையாது. கட்டியது யார்.

நாள் 409. பகல் 12:50. நிலைய வாசல். ரேடியோ.

நான்: வெளிக்கதவுக்குள்ள வச்சிட்டேன். நான் வெளிய வந்து அடைச்சதும் நீ உள்கதவைத் திற. எடுத்து மாட்டு. சிவப்பு வயர் மேல.

சன்னாசி: மச்சான், நீங்களும் உள்ள வாங்க.

நான்: ஒரு ஆளுக்குத்தான்டா ஓடும்.

சன்னாசி: ஆளுக்குப் பாதி மூச்சு விடுவோம் மச்சான். நான் கம்மியாப் பேசுறேன். பாடவே மாட்டேன்.

நான்: நீ பாடாம இருப்பியா? உளறாம மாட்டுடா.

சன்னாசி: அப்ப நான் வெளிய வர்றேன். நீங்க உள்ள போங்க. தப்பு செஞ்சவன் நான்.

நான்: நீ ஒரு தப்பு செஞ்ச. அதை வேடிக்கை பாத்தவன் நான். உனக்கு எழுதத் தெரியும்ல? உக்காந்து எழுது. நடந்தது பூராவும் எழுது. மண்ணு கழுவலன்னு எழுது. நான் சொல்லலன்னும் எழுது. இந்தத் தடவை நெசமா எழுது.

(பதில் அழுகை. பெட்டிக்கு எழுதத் தெரியவில்லை.)

நாள் 409. பகல் 1:30.

வாசல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். வட்டக் கண்ணாடி வழியே உள்ளே தெரிகிறது. முதலில் இருட்டு. பிறகு ஒரு விளக்கு. மஞ்சளாக, கொஞ்சம் நடுங்கி, நின்றது. காற்று எந்திரம் ஓடும் அதிர்வு சுவர் வழியாக முதுகில் தெரிகிறது. நாலரைதான். ஆனால் நிற்கிறது.

சன்னாசி கண்ணாடியில் கையை ஒட்டி வைத்திருக்கிறான். என்னமோ சொல்கிறான். ரேடியோவை அணைத்துவிட்டேன். அவன் குரல் கேட்டால் எழுந்து கதவைத் தட்டிவிடுவேனோ என்று பயம்.

கப்பலில் வருகிறவர்கள் அவனைத்தான் கட்டிப்பிடிப்பார்கள். ஊரில் பஸ் நிலையத்தில் பந்தல் போடுவார்கள். அவன் அழுதுகொண்டே என் பெயரைச் சொல்வான். சொன்னாலும் அந்தப் பந்தலில் நிற்பது அவன்தான். அதை நினைத்தால் இந்தக் குளிரிலும் வயிறு எரிகிறது.

நாள் 409. பகல் 1:52.

புட்டியில் முள் சிவப்பைத் தாண்டிவிட்டது. பெட்டி கேட்கிறது, நிலையத்தில் ஆட்கள் நிலவரம் சொல்லவும் என்று. தினம் கேட்கும் கேள்விதான்.

ரஹ்மத்துல்லா இல்லை. எட்டாவது தகட்டுக்குக் கீழே இருக்கிறார்.

டாக்டர் ஆக்னஸ் இல்லை. என் கட்டிலில் இருக்கிறார்.

வில்லாயுதம்... இல்லை என்றே போட்டுக்கொள். எப்படியும் நீ எழுதி முடிப்பதற்குள்.

உயிரோடு இருப்பது ஒருவன். முத்தாலங்குளம் கருப்பன் மகன், பேச்சியம்மாளின் தம்பி

சன்னாசி.